ஆட்டின் குடற்புழு மருந்துக்கு அடங்காத ஊரிலிருந்து ஒரு மடல்

தமிழ்நாட்டில் எந்தக் கால்நடை நோய்க்கு ஆராய்ச்சி, எதற்குத் தடுப்பூசி என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

"குடற்புழுவுக்கு மருந்து கையிருப்பில் உள்ளது. தடுப்பூசிக்கான தேவை எழவில்லை." விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் கொடுத்த மனுவுக்கு வந்த பதில் இந்த இரண்டு வரிதான். ஆடு வளர்க்கும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக் கொடுத்த மனு அது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த மருந்து ஊற்றிய பிறகு ஆடு செத்தது என்று எழுதி, குடற்புழுவுக்குத் தடுப்பூசி வேண்டும் என்று கேட்டிருந்தோம். அதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பதில் அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாற்காலியில் இருப்பவர் மேலிருந்து வந்த கொள்கையைத்தான் எழுதியிருப்பார். கொள்கை வகுப்பவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் மேச்சேரிக்கும் நங்கவள்ளிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் செம்மறி வளர்க்கிறவள். மாமியார் காலத்திலிருந்து எங்கள் பட்டியில் மேச்சேரி ஆடுதான். வீட்டுக்காரர் லாரியில் போகிறார். ஆடு என் பொறுப்பு. மகளைக் கால்நடை மருத்துவம் படிக்க அனுப்பியிருக்கிறேன் என்றால் அந்தச் செலவில் பெரும்பங்கு கிடாக்குட்டி விற்ற காசு. மேச்சேரி ஆட்டின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பளி இல்லாத, இளம் பழுப்பு நிற ஆடு. வெயிலைத் தாங்கும், காய்ந்த கொழுக்கட்டைப் புல்லிலும் வயிற்றைக் கழுவிக்கொள்ளும். அதன் தோலுக்குத் தோல் வியாபாரிகளிடம் தனி மதிப்பு. ஊர்ப் பெயரையே இனத்தின் பெயராக வைத்து, பொட்டனேரியில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமும் அரசு நடத்துகிறது. அந்த ஆடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் எதனால் சாகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐப்பசி மழை பெய்து ஏரிக்கரையும் ஓடைப் பொறம்போக்கும் பச்சை கட்டும்போது எல்லோருக்கும் சந்தோஷம். எங்களுக்கு அப்போதிருந்துதான் பயம். அந்தப் பச்சைப் புல்லின் நுனியில், பனித்துளியோடு, கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு ஏறி நிற்கும். ஆடு புல்லோடு சேர்த்து அதையும் மேய்ந்துவிடும். உள்ளே போனது நான்காவது இரைப்பையில் தங்கி, மூன்று வாரத்தில் வளர்ந்து முட்டை போட ஆரம்பித்துவிடும். ஒரு பெண்புழு ஒரு நாளைக்கு ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் முட்டை வரை போடும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அந்த முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை புல்லில் ஏறத் தயார். ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்று புத்தகத்தில் பெயர். நாங்கள் ரத்தம் குடிக்கிற பூச்சி என்போம்.

இந்தப் புழு கழிச்சலைக் கொடுக்காது. அதுதான் இதில் உள்ள வம்பு. ஆடு புழுக்கை புழுக்கையாகத்தான் போடும், தீனி எடுக்கும், அசை போடும். புதிதாக ஆடு வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மேய்ச்சலுக்குப் போகும்போது அது கூட்டத்தில் கடைசியாக வரும். அப்புறம் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தாடைக்குக் கீழே ஒரு பை தொங்கும். தொட்டால் குளிர்ச்சியாக, நீர் கோத்த மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் வீக்கம் வற்றியிருக்கும். அட, சரியாகிவிட்டதே என்று தோன்றும். சரியாகவில்லை. பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்ததில் இறங்கிய நீர், ராத்திரி படுத்ததில் பரவிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பே இருக்காது. காகித வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் ஆடு கையை விட்டுப் போய்விட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும் என்று கணக்கு. கேட்கச் சிறிதுதான். ஆயிரம் புழு இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் ரத்தமே ஒன்றரை லிட்டருக்கு உள்ளேதான். அதுவும் வயிற்றில் குட்டி இருக்கும் ஆடு என்றால்? குட்டி போடும் சமயத்தில் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி இயல்பாகவே இறங்கிவிடும், புழு முட்டை அப்போது கூடிவிடும். குட்டிக்குப் பால் இல்லாமல் போவதும், அந்தக் குட்டி மேயத் தொடங்கும் தரையிலேயே தாய் முட்டையைக் கொட்டி வைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

போன மழைக்காலத்தில் சினையாக இருந்த ஓர் ஆடு பட்டியிலேயே விழுந்தது. எங்கள் பகுதிக்கு வந்திருந்த மருத்துவர் நல்லவர். வெறும் சான்றிதழ் எழுதிவிட்டுப் போகாமல், தார்ப்பாயை விரித்து அறுத்துக் காட்டினார். தண்ணீர் மாதிரி ரத்தம். நான்காவது இரைப்பையைக் கத்தரித்து விரித்தபோது உள்தோல் முழுக்க அசைந்தது. சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கிவிட்டது போல ஒவ்வொரு புழுவும். சிவப்பு, அது குடித்த எங்கள் ஆட்டின் ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப்பை. மகள் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்து, விட்டுவிட்டாள். "அம்மா, இந்த ஆட்டுக்கு எப்போ மருந்து ஊத்தினே?" என்று கேட்டாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. முகாமில் கொடுத்த அதே மருந்து. நானே வாயைப் பிடித்து ஊற்றினேன்.

"மருந்து கையிருப்பில் உள்ளது" என்ற உங்கள் வரிக்கு இதுதான் என் பதில்.

மருந்து இருக்கிறது. மருந்து கேட்கவில்லை. இது எங்கள் ஊர் மட்டும் சொல்கிற குறையும் இல்லை. இந்த வகை நவீன மருந்துகளில் முதலாவதான தையாபெண்டசோல் வந்தது 1961-ல். 1964-லேயே அதற்கு அடங்காத புழு பதிவாகிவிட்டது. ஐவர்மெக்டின் 1981-ல் வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதையும் தாங்கும் புழு வந்துவிட்டது. 2009-ல் மோனிபாண்டல் என்று முற்றிலும் புதிய மருந்து விற்பனைக்கு வந்தது. 2013-ல் நியூசிலாந்திலிருந்து எதிர்ப்புச் செய்தி. தமிழ்நாட்டு ஆட்டுப்பண்ணைகளிலும் அல்பெண்டசோல் இனத்து மருந்துகளுக்குப் புழு அடங்கவில்லை என்று நம் ஊர் ஆய்வாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். புழுவின் உடம்பில் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தில் 200-வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து போய் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் போய்விடுகிறது. மகள் இதைப் படம் வரைந்து காட்டினாள். அந்த மாற்றம் உள்ள புழுதான் ஒவ்வொரு முறை மருந்து ஊற்றும்போதும் தப்பிப் பிழைத்து, தன் மாதிரியே ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிறது. ஊர் ஆட்டுக்கெல்லாம் ஒரே நாளில், எடை பார்க்காமல், கண்மதிப்பில், ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை ஊற்றியதில் அடங்குகிற புழு அழிந்து அடங்காத புழு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மகள் விடுமுறைக்கு வந்தபோது எங்கள் பட்டியிலும் பக்கத்துப் பட்டியிலும் புழுக்கை எடுத்து, மருந்து ஊற்றுவதற்கு முன்னும், இரண்டு வாரம் கழித்தும் முட்டை எண்ணிக்கை பார்த்தாள். மருந்து வேலை செய்தால் முட்டை 95 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும், அதற்குக் கீழே போனால் எதிர்ப்பு என்று சந்தேகிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. எங்கள் ஆடுகளில் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. படிக்கிற பிள்ளை ஒரு மைக்ரோஸ்கோப்பை வைத்துக்கொண்டு செய்ததை ஆராய்ச்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவள் பார்த்த அளவுக்குக்கூட எங்கள் பகுதியில் யாரும் வந்து பார்க்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தடுப்பூசிக்கு வருகிறேன். "புழுவுக்கெல்லாம் தடுப்பூசி கிடையாதும்மா, அது வைரஸ் மாதிரி இல்லை" என்று கூட்டத்திலேயே ஒருவர் எனக்குச் சொன்னார். கிடையாது என்பது தவறு. இந்தப் புழுவுக்கே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மோர்டன் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய பார்பர்வேக்ஸ் 2014-ல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆல்பனி என்ற ஊரில் தயாராகிறது. தென்னாப்பிரிக்காவில் வயர்வேக்ஸ் என்ற பெயரில் கொடுத்தார்கள். நம்மைப் போலச் சூடான பிரேசிலில் மேய்ச்சல் ஆடுகளிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதத்தை மகள் எனக்கு விளக்கியபோது, இவ்வளவு நியாயமான ஒரு யோசனை ஏன் எங்கள் பக்கம் வரவில்லை என்றுதான் தோன்றியது. புழுவின் குடல் சுவரில் சில புரதங்கள் இருக்கின்றன. குடித்த ரத்தத்தைச் செரிக்க அவை வேண்டும். ஆட்டின் உடம்பு அவற்றைப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவை புழுவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து, சில மைக்ரோகிராம் அளவு மட்டும் ஆட்டுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அப்புறம் புழு வழக்கம்போல ரத்தம் குடிக்கிறது. குடித்த ரத்தத்தோடு எதிர்ப்புப் பொருளும் உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொள்கிறது. புழுவால் செரிக்க முடிவதில்லை. பட்டினி கிடந்து முட்டை போடுவதை நிறுத்துகிறது, பல புழுக்கள் வெளியேறியும் விடுகின்றன. வெளியே விழும் முட்டை முக்கால் பங்குக்கு மேல் குறைகிறது என்றால் அடுத்த மாதம் புல்லில் ஏறும் புழுவும் குறைகிறது. அல்பெண்டசோலுக்கு அடங்காத புழுவாக இருந்தாலும், ஐவர்மெக்டினுக்கு அடங்காத புழுவாக இருந்தாலும் அது ரத்தம் குடித்துத்தானே ஆக வேண்டும்? மருந்து தோற்ற இடத்தில் இது நிற்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

இதில் குறை இருப்பது எனக்குத் தெரியும். மறைத்துப் பேசி உங்களிடம் ஒன்றும் வாங்க நான் வரவில்லை. அந்தப் புரதம் புழுவின் குடலுக்குள் ஒளிந்திருப்பதால், ஆடு மேயும்போது ஏறும் புழு ஊசியின் வீரியத்தைப் புதுப்பித்துத் தராது. முதலில் மூன்று ஊசி, அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒன்று என்று ஒரு பருவத்துக்கு ஐந்து ஊசி வரை போகிறது. ஆயிரக்கணக்கில் ஆடு வைத்து, ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்த ஆளும் அடைப்பும் உள்ள ஆஸ்திரேலியப் பண்ணைக்காரருக்கே அது சிரமம். இது இந்த ஒரு புழுவுக்குத்தான், தட்டைப்புழுவுக்கோ நாடாப்புழுவுக்கோ உதவாது. இன்னொன்று, தடுப்பூசிக்கான புரதத்தை இன்னும் நிஜப் புழுவிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டுக்குப் புழுவை ஏற்றி, அறுக்கும்போது இரைப்பையிலிருந்து புழுவைச் சேகரித்து, அதிலிருந்து பிரிக்கிறார்கள். ஆய்வகத்தில் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் அதே புரதத்தைச் செய்து பார்த்தபோது, அசல் கொடுத்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. மடிப்பும் மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதியும் அசலைப் போல அமையாததுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இவையெல்லாம் ஆராய்ச்சி செய்ய வேண்டியதற்கான காரணங்கள். ஆராய்ச்சியே வேண்டாம் என்பதற்கான காரணங்களாக இவற்றை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எங்கள் ஊர்ப் பட்டிகள் சின்னவை. ஆட்டைக் கையால் பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்க்கிறவர்கள் நாங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட ஆட்டை நிறுத்திப் பிடிப்பது எங்களுக்குப் பெரிய காரியம் இல்லை. எங்கள் புழுக்காலமும் ஆண்டு முழுக்க இல்லை. மழைக்கு முன்னால் தொடங்கிப் பனி வற்றும்வரை காப்பாற்றினால் போதும். ஐந்து ஊசி வேண்டுமா, மூன்றில் முடியுமா, சினையாட்டுக்கு மட்டும் போட்டால் குட்டியும் தப்புமா என்பதையெல்லாம் இங்கே, எங்கள் ஆட்டில், எங்கள் மழையில் பார்த்தால்தானே தெரியும்?

செய்ய முடியுமா என்ற கேள்வியை எங்களிடம் கேட்காதீர்கள், உங்கள் சரித்திரத்தையே பாருங்கள். ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1932-லிருந்து இயங்குகிறது. துள்ளுமாரிக்கும் ஆட்டம்மைக்கும் தடுப்பூசி தயாரித்த இடம் அது. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி ஒன்றை நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே அரசூர் 87 என்ற நம் ஊர் வைரஸை வைத்து உருவாக்கியது. எங்கள் பட்டியில் அந்த நோய் வந்து குட்டிகள் மூக்கு ஒழுகிச் செத்த காலத்தை என் மாமியார் இன்றும் சொல்வார். இப்போது ஊசி போடுகிறோம், அந்தப் பயம் குறைந்துவிட்டது. அதற்காக உங்களுக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். புழுவுக்கென்று பார்த்தாலும் நாடு வெறும் கையோடு இல்லை. காஷ்மீரில் செம்மறியின் நுரையீரல் புழுவுக்குக் கதிர்வீச்சு காட்டிய புழுக்குஞ்சை வைத்தே தடுப்பு மருந்து செய்து பயன்படுத்தினார்கள். ஐதராபாத்தில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் பன்றியின் நாடாப்புழுக் கட்டிக்கு சிஸ்வாக்ஸ் என்ற தடுப்பூசியைத் தயாரிக்கிறது. அது ஆய்வகத்தில் செய்த புரதத்தால் ஆனது. பன்றிப் புழுவுக்கு ஐதராபாத்தில் முடிகிறது. செம்மறிப் புழுவுக்குச் சேலத்தில் தேவையே எழவில்லை என்று எழுதுகிறீர்கள்.

தேவை எங்கே எழும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் செம்மறி மட்டும் 45 லட்சம். வெள்ளாடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எங்கள் மாவட்டத்துச் சேலம் கருப்பு வெள்ளாட்டையும் இதே புழுதான் பிடிக்கிறது. 2011-ல் அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு நான்கு ஆடுகளாகக் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அக்காவுக்கும் கிடைத்தது. அவருக்கு நிலமும் இல்லை, வேலிக்காடும் இல்லை. ஏரிக்கரையில்தான் மேய்த்தார். எல்லோருடைய ஆடும் மேயும் அந்தக் கரையில்தான் எல்லோருடைய புழுவும் இருக்கிறது. முதல் மழைக்காலத்திலேயே இரண்டு போய்விட்டன, மிச்சத்தைப் போன விலைக்குத் தள்ளிவிட்டு விசைத்தறிக்குப் போய்விட்டார். கொடுத்த ஆட்டுக்குக் கணக்கு உங்களிடம் இருக்கும். செத்த ஆடு எந்தக் கணக்கில் இருக்கிறது? ஆட்டம்மையில் செத்தால் நோய் என்று பதிவாகும், மருத்துவர்கள் ஓடி வருவார்கள். புழுவில் செத்தால் மெலிந்து செத்தது, வயசாகிச் செத்தது, மழையில் நனைந்து செத்தது. எங்கள் ஊரில் தாடை வீங்கிய ஆட்டைப் பலர் சாகும்வரை வைத்திருப்பதும் இல்லை. வீக்கம் வற்றியிருக்கும் காலை நேரமாகப் பார்த்துச் சந்தைக்கு ஓட்டி, கறிக்கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். உங்கள் புள்ளிவிவரத்தில் அது விற்பனை. எங்கள் வீட்டில் அது நஷ்டம்.

கிடாவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் புழுவைத் தாங்கும் வம்சத்தை வளர்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல யோசனை. வங்காளத்துக் காரோல் ஆடு இந்தப் புழுவை நன்றாகத் தாங்கும் என்று மகாராஷ்டிராவில் ஆய்வே செய்திருக்கிறார்கள். மேச்சேரி ஆட்டிலும் ஒரே பட்டியில், ஒரே மேய்ச்சலில், சில ஆட்டின் இமை கடைசிவரை சிவப்பாகவே இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். அதையும் செய்யுங்கள். ஆனால் வம்சம் மாறப் பல தலைமுறை ஆகும், அதுவரை இருக்கிற ஆட்டைக் காக்க வழி வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், வரும் மழைக்காலத்துக்கு முன்னாலேயே மேச்சேரி, நங்கவள்ளி, தாரமங்கலம், ஓமலூர் பகுதிப் பட்டிகளில் மருந்துக்கு முன்னும் பின்னும் முட்டை எண்ணிப் பாருங்கள். எந்த ஊரில் எந்த மருந்து கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதைத் தமிழில் எழுதிக் கால்நடை மருந்தகச் சுவரில் ஒட்டுங்கள். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம், மைக்ரோஸ்கோப்பும் ஆளும் இருந்தால் போதும். இது தெரியாமல் முகாமில் ஊருக்கெல்லாம் ஒரே மருந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். தென்னாப்பிரிக்காவில் இமையின் நிறத்தை ஐந்து படியாகப் பிரித்து ஓர் அட்டை செய்து, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கச் சொல்லித் தந்தார்கள். அந்த அட்டை ஆடு வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும். கையில் தூக்கி எடை போட ஒரு தொங்கு தராசு ஊருக்கு ஒன்று வேண்டும்.

அடுத்து, ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருக்கும் தடுப்பூசியைச் சோதனைக்காகத் தருவிக்க மத்திய அரசிடம் அனுமதி கேளுங்கள். பொட்டனேரி நிலையத்தில் மேச்சேரி ஆட்டில் முதலில் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் எங்கள் பட்டிகளுக்கு வாருங்கள். பாதி ஆட்டுக்குப் போட்டு, பாதி ஆட்டுக்குப் போடாமல் ஒப்பிட வேண்டும் என்றால் அதற்கும் சம்மதிக்கிறோம், எந்த ஆடு எந்தப் பக்கம் என்பதை நீங்களே குலுக்கிப் போட்டு எடுங்கள். ஆட்டைப் பிடித்துத் தருவோம், புழுக்கை சேகரித்துத் தருவோம், குறிப்பேடு எழுதுவோம். எங்கள் பெண்களில் பலர் பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள். சோதனையில் ஆடு செத்தால் சந்தை விலை கொடுக்க வேண்டும், முடிவு எதுவாக இருந்தாலும் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும். எங்கள் நிபந்தனை இந்த இரண்டுதான்.

மூன்றாவது கோரிக்கை பெரியது, ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்திலேயே தலைவாசலில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துக் கால்நடை உயர் ஆராய்ச்சி நிலையத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டினீர்கள். அங்கே ரத்தம் குடிக்கும் இந்தப் புழுவின் தடுப்பூசிக்கென்று தனியாக நிதியும், வேறு வேலைக்கு மாற்றப்படாத ஆராய்ச்சிக் குழுவும் அமையுங்கள். அறுப்புக் கூடத்திலிருந்து புழு சேகரித்துப் புரதம் பிரிக்கும் வழியை முதலில் கற்றுக்கொண்டு, ராணிப்பேட்டையில் தயாரிக்க முடியுமா என்று பாருங்கள். ஆய்வகத்தில் அந்தப் புரதத்தைச் செய்யும் முயற்சி பக்கத்திலேயே நடக்கட்டும். ஆஸ்திரேலிய விலையில் ஐந்து ஊசி வாங்க எங்களால் முடியாது. இங்கே தயாரானால்தான் அது எங்களுக்கு எட்டும்.

கடைசியாக, எங்கள் மனுவுக்கு வந்த அந்த இரண்டு வரிப் பதிலைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம், ஏற்றதற்குப் பொறுப்பான அலுவலர் யார், எந்த மாதத்தில் தொடங்குவார் என்று ஊர்க்காரர்கள் படிக்கும் தமிழில் எழுதி அனுப்புங்கள். ஆடி பிறப்பதற்குள் அனுப்பினால் இந்த ஆண்டு மழைக்கு முன்னால் முதல் சோதனையாவது செய்ய நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் ஒருத்தி,
மேச்சேரி வட்டாரம், சேலம் மாவட்டம்.